கழிந்த நூலும் கழித்த நூலும்: நூல்களை உருமாற்றும் கலையின் வரலாறு குறித்து

(சற்று நீண்ட பதிவு. நூலகங்களோடும் ஆவணங்களோடும் தொடர்புடைய நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

பழைய நூல்களைக் கொண்டு கலைப்பொருள் செய்யும் பட்டறைகள் இப்போது பல கல்வி வளாகங்களில் நடைபெறுகின்றன. பக்கங்களை மடித்துச் செய்த விளக்குக்கூடு, கத்தியால் குடைந்த அகராதி, அச்செழுத்தின் மேல் தீட்டிய மயில் என அவற்றின் படங்கள் நம் கண்ணில் படுகின்றன. உடனே இரண்டு குரல்கள் எழும். ஒன்று, குப்பைக்குப் போகவிருந்த ஒன்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது என்று மகிழும். மற்றொன்று, நூலை வெட்டுவது கொலைக்கு நிகர் என்று கடியும். இரண்டு குரல்களும் ஒரே இடத்தை விட்டுவிடுகின்றன என்பது என் எண்ணம். அந்த நூலைக் 'கழிவு' என்று யார் முடிவு செய்தார்? எந்த அடிப்படையில்?

இங்கே சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் 'கழி' என்னும் வினையடி இரு வகையாக இயங்குகிறது. 'கழிந்தது' என்றால் தானாக நீங்கியது. 'கழித்தது' என்றால் ஒருவர் நீக்கியது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஆனால் 'கழிவு' என்று பெயர்ச்சொல்லாக்கியவுடன் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. செய்தவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார். சொற்களும் வழக்குகளும் காலப்போக்கில் கழியும் என்பதை நம் இலக்கண மரபு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நூல் அவ்வாறு கழிவதில்லை. ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்து, பதிவேட்டில் கோடிட்டு, எடைக்குப் போடும்போதுதான் அது கழிவாகிறது.

வட இந்தியத் தெருக்களில் பழைய தாளுக்கு வழங்கும் 'ரத்தி' என்னும் சொல் இதை ஓரளவு காப்பாற்றி வைத்திருக்கிறது. மறுத்தல், திருப்பியனுப்புதல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லோடு தொடர்புடையது அது. நாம் அன்றாடம் வழங்கும் 'ரத்து' என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ரத்தி என்பது மறுக்கப்பட்டது. மறுத்தவர் ஒருவர் இருந்தார் என்பதை அச்சொல்லின் வரலாறு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நூலிலிருந்து கலை செய்த வரலாற்றைப் பார்த்தால், அது மறுசுழற்சியின் வரலாறாகவும் தோன்றுவதில்லை. அழிப்பின் வரலாறாகவும் தோன்றுவதில்லை. சில மரபுகளில் கழித்தவரின் கை வெளிப்படையாகத் தெரிகிறது. சிலவற்றில் அது மறைக்கப்படுகிறது. சிக்கல் இந்த இரண்டாம் வகையில்தான் தொடங்குகிறது.

*

இந்தியாவில் இக்கலையின் மிகச் சிறந்த பழைய சான்று முகலாய அரசவையின் 'முரக்கா' எனப்படும் தொகுப்பேடு. அச்சொல்லுக்கு ஒட்டுப்போட்டது என்று பொருள். சூஃபிகள் அணிந்த ஒட்டுத்துணி அங்கிக்கும் இதே பெயர் உண்டு. ஜஹாங்கீர் இளவரசராக இருந்த காலத்திலேயே தொடங்கப்பட்டு, அவர் அரசரான பின்னும் வளர்ந்த குல்ஷன் முரக்காவின் பெரும்பகுதி இன்று தெஹ்ரானின் கொலெஸ்தான் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. அதே தொகுதியோடு தொடர்புடைய ஏடுகள் பெர்லினிலும் உள்ளன. பாரசீக ஓவியம், முகலாய ஓவியம், ஐரோப்பிய அச்சோவியம், வனப்பெழுத்து ஆகியவை அதில் ஒரே ஏட்டில் வெட்டி ஒட்டப்பட்டு, பொன் தீட்டிய ஓரங்களால் இணைக்கப்பட்டுள்ளன.

ஜஹாங்கீர், ஷாஜஹான் காலத்து ஓவிய ஏடுகளை உற்றுநோக்கினால், உருவப்படத்தைச் சுற்றிச் சிறுசிறு பட்டைகளாகப் பாரசீகக் கவிதை வரிகள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அவை பெரும்பாலும் வேறு கையெழுத்துப் பிரதிகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. நடுவில் இருக்கும் அமைச்சருக்கும் ஓரத்தில் இருக்கும் காதல் வரிக்கும் பல நேரங்களில் எந்தத் தொடர்பும் இல்லை. எழுத்து அங்கே அணியாகிவிட்டது. 16ஆம் நூற்றாண்டின் ஹெராத் நகரத்து எழுத்துக் கலைஞர் மீர் அலியின் ஏடுகளை முகலாய அரசர்கள் தேடித் தேடிச் சேர்த்தனர். அவர் கையெழுத்து அவர்களுக்குப் படிப்பதற்கான பனுவல் மட்டுமன்று, காண்பதற்கான பொருளும் ஆகும்.

இது ஒருவகை அழிப்பே. ஒரு கவிதைத் தொகுதி துண்டு துண்டாக்கப்பட்டது. ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒட்டப்பட்ட துண்டு இன்றும் படிக்கத்தக்கதாக இருக்கிறது. முரக்காக்களின் ஓரங்களிலிருந்து அவ்வரிகளைப் படித்து, அவற்றின் ஆசிரியர்களை அடையாளம் காணும் பணியை அறிஞர்கள் செய்துவருகின்றனர். இரண்டாவது, தைத்த தையல் வெளியே தெரிகிறது. 'ஒட்டுப்போட்டது' என்ற பெயரே, இது வேறொன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது.

ஒட்டுவதற்கு நேரெதிரானது அரைப்பது. காஷ்மீரத்தின் காகிதக்கூழ்க் கலை 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜெய்ன்-உல்-ஆபிதீன் காலத்தில் நடு ஆசியக் கைவினைஞர்களின் வழியே வேரூன்றியதாக மரபு கூறுகிறது. பயன்படாத தாளைப் பல நாள்கள் நீரில் ஊறவைத்து, கல்லுரலில் இடித்து, அரிசிக் கஞ்சிப் பசை சேர்த்து, அச்சின் மேல் அப்பி உலர்த்துவார்கள். உருவம் செய்யும் இப்பணிக்குச் 'சக்த்சாஜி' என்று பெயர். அதன்மேல் வண்ணம் தீட்டும் பணி 'நக்காஷி'. அதைச் செய்பவர் வேறொரு கலைஞர். பேனா வைக்கும் பெட்டிகளே இக்கலையின் புகழ்பெற்ற தொடக்கப் பொருள்கள் என்பது சுவையான செய்தி. எழுதிய தாள் அரைபட்டு, எழுதுகோலின் உறையாக மாறியது. மிதிலைப் பகுதிப் பெண்களும் வீட்டுப் பயன்பாட்டுக்காகக் காகிதக்கூழ்ப் பாத்திரங்களும் பொம்மைகளும் செய்துவந்துள்ளனர். அம்மரபைச் சேர்ந்த சுபத்ரா தேவிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கூழில் எழுத்து மிஞ்சுவதில்லை. ஆகவே அரைப்பதற்கு முன் எடுக்கும் முடிவே இறுதி முடிவு. ஒட்டுபவர் தவறாகத் தேர்ந்தாலும் பின்வருவோர் ஓரளவு மீட்கலாம். அரைப்பவர் தவறாகத் தேர்ந்தால் மீட்பு இல்லை. வங்காளத்தில் 'டோங்கா' எனப்படும் தாள்பைகளைப் போலவே, நாடெங்கும் பழைய நூற்பக்கங்களைப் பொட்டலமாக்கும் வழக்கம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எழுத்து இருக்கும், நிலக்கடலை தீரும் வரையில்.

*

எல்லா மரபுகளும் கழித்த நூலை மறுபயன்பாட்டுக்கு விட்டுவிடவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். புனிதமானதாகக் கருதப்படும் நூல், பொட்டலமாகி மிதிபடக் கூடாது என்பதற்காகவே ஆற்றுக்கோ தீக்கோ மண்ணுக்கோ கொடுக்கப்பட்டது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகத் தமக்குச் சொல்லப்பட்டதை உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். தீயில் இட்டவர் அதை அவமதிப்பாக எண்ணவில்லை, மரியாதையாகவே எண்ணினார். மரியாதையான அழிப்பில் ஒன்றும் எஞ்சவில்லை. மரியாதையற்ற வெட்டி ஒட்டலில் சில வரிகளேனும் எஞ்சின. நூல்களிடம் பணிவு காட்டுவதும் நூல்களைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. அச்சு பரவியபின் தேவையற்றதாகக் கருதப்பட்ட தோல் ஏடுகளைக் கட்டுமானக்காரர்கள் வெட்டி, புதிய நூல்களின் முதுகிலும் அட்டையிலும் வைத்துத் தைத்தனர். இன்று அந்த அட்டைகளைப் பிரித்து, வேறெங்கும் கிடைக்காத பனுவல்களை ஆய்வாளர்கள் படிக்கின்றனர்.

*

20ஆம் நூற்றாண்டில் இக்கலை தன்னுணர்வு பெறுகிறது. இந்தியாவில் அதன் முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது தாகூர்தான். 1924இல் 'பூரபி' கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தபோது, தாம் அடித்த சொற்களின் மேல் கோடுகளை வளைத்து இணைத்துப் பறவைகளாகவும் விலங்குகளாகவும் மாற்றினார். அர்ஜென்டினாவில் அவரை விருந்தினராக ஏற்றிருந்த விக்டோரியா ஒகாம்போ அக்கோடுகளின் வலிமையை உணர்ந்தார். 1930இல் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற அவரே துணைநின்றார். இங்கே கழிக்கப்பட்டது நூலன்று, சொல். கழித்தவரும் படைத்தவரும் ஒருவரே. எனவே 'யார் கழித்தது' என்ற கேள்விக்கு அந்தத் தாளிலேயே விடை இருக்கிறது.

பிறர் எழுதிய நூலை இவ்வாறு செய்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் ஆங்கிலேய ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் (1937–2022). 1966இல் தென் லண்டனின் பெக்கம் ரை பகுதியில், மூன்று பென்னிக்கு ஒரு பழைய நாவலை வாங்கினார். டபிள்யூ. எச். மல்லாக் 1892இல் வெளியிட்ட 'எ ஹியூமன் டாக்குமென்ட்' அது. ஒவ்வொரு பக்கத்திலும் வண்ணம் தீட்டி, சில சொற்களை மட்டும் வெளியே தெரியவிட்டு, அவற்றை ஆற்றோட்டம் போன்ற வெள்ளைக் கோடுகளால் இணைத்துப் புதிய கதையைப் படைத்தார். தலைப்பின் நடுப்பகுதியை மறைத்தபோது 'எ ஹியூமுமென்ட்' என்ற புதுச்சொல் பிறந்தது. கதைத்தலைவன் பெயர் 'டோஜ்'. மூலப் பக்கத்தில் 'டுகெதர்', 'ஆல்டுகெதர்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களில் மட்டுமே, அவற்றின் உள்ளிருந்து, அவன் தோன்ற முடியும். உருபனியல் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் சொல்லை வெட்டி ஒரு மனிதனைப் பிறப்பித்த இச்செயல் மொழியியல் மாணவர்களுக்குத் தனியே சுவை தருவது. 2016இல் ஆறாவதும் இறுதியானதுமான பதிப்பு வெளிவந்தபோது இப்பணி ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருந்தது.

ஃபிலிப்ஸ் மல்லாக்கை அழித்தாரா? இல்லை. அந்த நாவலுக்கு வேறு படிகள் பல இருந்தன. ஃபிலிப்ஸே பல படிகளைப் பயன்படுத்தினார். மறக்கப்பட்ட மல்லாக்கின் நாவல் இன்று பேசப்படுவதே பெரும்பாலும் ஃபிலிப்ஸால்தான்.

அமெரிக்கக் கலைஞர் பிரையன் டெட்மர் கலைக்களஞ்சியங்களின் ஓரங்களை ஒட்டி மூடி, ஒவ்வோர் அடுக்காகக் குடைந்து, உள்ளிருக்கும் படங்களையும் சொற்களையும் வெளிக்கொணர்கிறார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் 244 ஆண்டுகளுக்குப் பின் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக 2012இல் அறிவித்ததை நினைத்தால், அக்கலையின் வேர் விளங்கும். கலைக்களஞ்சியத்தை அவர் கழிக்கவில்லை. தகவல் வேறிடம் பெயர்ந்துவிட்ட ஒரு காலத்தைச் செதுக்கிக் காட்டுகிறார்.

கழித்தவரை நேரடியாகச் சுட்டிக்காட்டிய படைப்பு மார்த்தா மினுஹினின் 'நூல்களாலான பார்த்தெனான்'. அர்ஜென்டினாவில் 1976 முதல் நடந்த இராணுவ ஆட்சி முடிவுற்ற 1983இல், அந்த ஆட்சி தடைசெய்த நூல்களைக் கொண்டு புவெனஸ் ஐரிஸ் நகரில் கிரேக்கக் கோயில் ஒன்றின் வடிவை எழுப்பினார். பின்னர் அந்நூல்கள் மக்களுக்கே வழங்கப்பட்டன. 2017இல் ஜெர்மனியின் காசெல் நகரில், 1933இல் நாஜிகள் நூல்களை எரித்த திடலிலேயே மீண்டும் அதைக் கட்டினார். இங்கே ஒரு பக்கமும் வெட்டப்படவில்லை. அதிகாரம் கழித்த நூல் வாசகர் கைக்குத் திரும்பியது.

*

இவ்வளவும் சொன்னது நம் நாட்டில் இன்று நடக்கும் ஒன்றைப் பார்ப்பதற்காகத்தான்.

ஜெய்ப்பூர், உதய்ப்பூர்ச் சுற்றுலாக் கடைகளில் பழைய தாளின் மேல் தீட்டிய நுண்ணோவியங்களைக் காணலாம். அடியில் இருப்பது சமஸ்தான காலத்து முத்திரைத்தாளாக இருக்கும், அஞ்சலட்டையாக இருக்கும், வணிகர்களின் 'பஹி' எனப்படும் கணக்கேட்டின் பக்கமாக இருக்கும், சில நேரங்களில் கையெழுத்துப் பிரதியின் ஏடாகவும் இருக்கும். அதன்மேல் யானை, ஒட்டகம், அரசர், அரசி. ஓவியரின் கைத்திறன் குறைந்ததன்று. பலருக்கு அதுவே பிழைப்பு. அவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பழைய தாளுக்கு உள்ள மதிப்பே ஓவியத்தின் விலையை உயர்த்துகிறது என்பதையும், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாங்குபவரும் கேட்பதில்லை என்பதையும் மட்டுமே சுட்ட விரும்புகிறேன். எழுத்து இங்கே பழமையின் வாசனை, வேறொன்றுமில்லை.

அந்தக் கணக்கேடுகளில் பல மகாஜனி எழுத்தில் அமைந்தவை. வணிகர்கள் விரைவுக்காக உயிர்க்குறிகளைப் பெரிதும் விட்டுவிட்டு எழுதிய எழுத்து அது. அதைப் பற்றி மொழியியலார் நடுவே வழங்கும் கதை ஒன்று உண்டு. 'முதலாளி அஜ்மேர் போயிருக்கிறார். பெரிய பஹியை அனுப்பி வையுங்கள்' என்று எழுதிய கடிதத்தை, 'முதலாளி இன்று இறந்துவிட்டார். பெரிய பஹூவை அனுப்பி வையுங்கள்' என்று படித்துவிட்டார்களாம். பஹி என்றால் கணக்கேடு, பஹூ என்றால் அந்த வீட்டு மருமகள். 'அஜ்மேர்' என்பதும், 'இன்று இறந்தார்' எனப் பொருள்படும் 'ஆஜ் மர்' என்பதும் உயிர்க்குறி இல்லாதபோது ஒன்றாகிவிடும். சிரிப்புக்காகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனால் அந்த எழுத்தைப் படிக்கச் சூழலறிவும் பயிற்சியும் வேண்டும் என்பதை அது நன்றாகவே உணர்த்துகிறது. அப்பயிற்சி உடையோர் இன்று மிகச் சிலர்.

மகாஜனி மட்டுமன்று. மராத்தியின் நிர்வாக எழுத்தான மோடி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கிழந்தது. பீகாரின் நிலப்பதிவுகளில் பல கைத்தி எழுத்தில் உள்ளன. நில உரிமை பற்றிய வழக்கு வரும்போது அதைப் படிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. கைத்தி 2009இலும், மகாஜனியும் மோடியும் 2014இலும் ஒருங்குறியில் இடம்பெற்றன. இனி இவ்வெழுத்துகளைக் கணினியில் உள்ளிடலாம், ஆய்வுத்தரவாக்கலாம். அதற்கான கருவி வந்துசேர்ந்த அதே காலத்தில், அதற்கான மூலம் யானையின் காலடியில் மறைந்துகொண்டிருக்கிறது.

இந்த ஏடுகளைக் கழித்தது யார்? ஓவியர் அல்லர், அவர் எடைக்கு வாங்கினார். எடைக்கு விற்ற குடும்பம் அதைப் படிக்க இயலாததால் விற்றது. படிக்க இயலாமற் போனது, பள்ளியும் அரசும் அந்த எழுத்தைக் கைவிட்டதால். ஆகவே 'கழிவு' என்று நாம் அழைக்கும் பொருள் உண்மையில் படிப்பாரற்றுப் போன பொருள். மல்லாக்கின் நாவலோடு இதை ஒப்பிட முடியாது. அங்கே உருமாறியது பல படிகளில் ஒன்று. இங்கே மறைவது ஒரே படி. ஒரு கடையின் கொடுக்கல் வாங்கல், ஓர் ஊரின் விலைவாசி, ஒரு பேச்சுவழக்கின் எழுத்துச் சான்று ஆகிய யாவும் அந்த ஒரே படியில் மட்டுமே உள்ளன.

சட்டம் இதை ஓரளவு அறிந்தே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு மதிப்புடைய, 75 ஆண்டுகளுக்குக் குறையாத கையெழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது. 2003இல் தேசியக் கையெழுத்துப் பிரதிகள் இயக்கம் தொடங்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை ஞான பாரதம் இயக்கத்தின் வழியாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளைக் கணக்கெடுக்க முனைந்தது. ஆனால் கணக்கேட்டின் ஒரு பக்கத்தை எவரும் 'கையெழுத்துப் பிரதி' என்று நினைப்பதில்லை. காவியமும் சாத்திரமும் மட்டுமே பிரதி என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. மொழி வரலாற்றுக்குக் காவியத்தைவிடக் கணக்கேடு சில நேரங்களில் பெரிய சான்று.

அச்சு நூல்களிலும் இச்சிக்கல் உண்டு. அச்சிட்டது என்பதாலேயே படிகள் பல இருக்கும் என்று கொள்ள முடியாது. அச்சகங்களையும் நூல்களையும் பதிவுசெய்யும் சட்டம் 1867இல்தான் வந்தது. கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் நூற்படிகளை அளிக்க வேண்டும் என்ற சட்டம் 1954இல் வந்தது. பள்ளிப் பாடநூல், சொற்பட்டியல், விலைப்பட்டியல், சிறுவெளியீடு போன்றவை எந்தப் பட்டியலிலும் ஏறாமல் ஒரு கல்லூரியின் மூலையில் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். பொதுவான நூலாயினும், அதன் ஓரக்குறிப்பும் உடைமை முத்திரையும் அந்த ஒரு படிக்கே உரியவை.

*

ஆகவே நூலைத் தொட்டுக் கலை செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய போட்டித் தேர்வு வழிகாட்டிகளும், நூறு படிகள் வாங்கி எவரும் தொடாத விழா மலர்களும், காலாவதியான கணினி நூல்களும் எத்தனையோ உள்ளன. வெட்டுங்கள், மடியுங்கள், குடையுங்கள். வெட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள் என்பதே வேண்டுகோள்.

1. இதற்கு வேறு படி உண்டா? நூலகங்களின் இணையப் பட்டியல்களில் தேடச் சில நிமிடங்கள் போதும்.

2. இதை என்னால் படிக்க முடிகிறதா? முடியாவிட்டால், படிக்கத் தெரிந்தவர் பார்க்கும் வரையில் அதைக் கழிவு என்று அழைக்கும் தகுதி எனக்கில்லை.

3. இதைக் கழித்தவர் யார், எப்போது, ஏன்? விடை கிடைத்தால் படைப்பின் பின்புறத்தில் நூலின் பெயர், ஆண்டு, முத்திரை ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். தையல் வெளியே தெரியட்டும்.

4. வெட்டுமுன் படமெடுத்தேனா? முகலாயக் கலைஞருக்கு இல்லாத வசதி நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

துறைகளுக்கும் நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நூல்களைக் கழிப்பது நூலகப் பணியின் இயல்பான பகுதி. இடமும் நிதியும் அளவுடையவை என்பதை அறிவோம். ஆனால் கழிக்கும் பட்டியலை எடைக்குப் போடுவதற்கு ஒரு மாதம் முன்னரே ஆய்வு மாணவர்களின் பார்வைக்கு வைக்கலாம். அதற்குச் செலவில்லை. வரலாறு, மொழியியல், பாரசீகம், உருது, சமஸ்கிருதம், தமிழ் எனப் பல துறை மாணவர்கள் அந்தக் குவியலின் முன் ஒரு பிற்பகல் அமர்ந்தால் போதும். எஞ்சியதை நுண்கலைத் துறையிடம் முழு மனத்தோடு கொடுக்கலாம்.

உங்கள் நிறுவனத்தில் இத்தகைய நடைமுறை ஏற்கெனவே இருந்தால் அதன் விதிகளைப் பின்னூட்டத்தில் பகிருங்கள். தொகுத்து ஒரு மாதிரி வரைவாக மற்ற துறைகளுக்கு அனுப்ப எண்ணியுள்ளேன். மகாஜனி, மோடி, கைத்தி படிக்கத் தெரிந்த நண்பர்கள் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். அடுத்த முறை ஒரு குவியல் கழிக்கப்படும்போது யாரை அழைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.